ஒரு சாண் கூடிப்போன கட்டில்

காலையில் காபி கலந்துகொண்டிருந்தபோது கமலா டீச்சரின் மகள் போன் செய்தாள். "ஆன்ட்டி, அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க." அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது நிம்மதி. யார் என்ன நினைத்தால் எனக்கென்ன? "போறப்போ பொசுக்குனு போயிடணும்மா" என்பது அவர் ஓயாமல் சொல்லும் பேச்சு. அப்படியே போய்ச் சேர்ந்தார், புண்ணியவதி.

நம் பள்ளியில் அவருடன் வேலை பார்த்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நடத்தியது கணக்குப் பாடம். மனசு இருந்ததோ அடுத்தவர் வீட்டு ஹாலில். செருப்பைக் கழற்றும்போதே கண் சுவரை அளக்க ஆரம்பித்துவிடும். கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "இந்த சோபாவை அந்தாண்ட தள்ளும்மா" என்பார். எங்கள் வீட்டு ஷோகேஸையும் விடவில்லை. "ஹாலுன்றது வந்தவங்க ஒக்கார்றதுக்கும்மா. நீ வாங்கின கப்புங்க ஒக்கார்றதுக்கு எதுக்கு இவ்ளோ எடம்?" எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஷோகேஸ் மாடிக்குப் போனது. எங்கள் தீப்பெட்டி ஹாலில் அதற்குப் பிறகுதான் நாலு பேர் கால் நீட்டி உட்கார முடிந்தது.

அவர் பிறந்தது பிள்ளையார்பாளையத்தில், வீட்டுக்குள்ளேயே தறி ஓடும் குடும்பத்தில். அதனால் எதையும் புடவையால்தான் அளப்பார். திரைச்சீலை அரைப் புடவை, மேஜை விரிப்பு கால் புடவை. இஞ்ச் டேப்பை எடுத்து நீட்டினால் முகத்தைச் சுளிப்பார். "அதுல பாதி நம்பர் அழிஞ்சி கெடக்குது. புடவை பொய் சொல்லாதுமா." கணக்கு டீச்சர் பேசுகிற பேச்சா இது என்று ஸ்டாஃப் ரூமே சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

என் கணவருக்குப் பக்கவாதம் வந்தபோதுதான் அந்தப் புடவை எங்களைக் காப்பாற்றியது. பஸ் கண்டக்டராக இருந்து ஊரெல்லாம் பேசித் தீர்த்த மனிதர். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதும் பேச்சையே நிறுத்திவிட்டார். மாடி ஏற முடியாது. ஹாலில்தான் படுக்க வேண்டும். "பீரோவுக்குப் பின்னாடி மூலையில போடு. யார் கண்லயும் படக் கூடாது" என்று குழறியதோடு சரி. இவர் இப்படியே ஊமையாகிவிடுவாரோ என்று எனக்கு ஒரே பயம்.

கமலா டீச்சர் வந்தார். துவைத்து மடித்து வைத்திருந்த என் பழைய பட்டுப் புடவை ஒன்றை வாங்கி அந்த மூலையை அளந்தார். மூன்றாக மடித்த நீளம் கச்சிதமாக இருந்தது. வாலாஜாபாத்தில் தெரிந்த ஆசாரிக்குப் போனிலேயே சொன்னார்: "பட்டுப் புடவையை மூணா மடிச்ச நீளத்துக்கு ஒரு கட்டில் போட்டுடுப்பா." அந்த ஆசாரியும் நெசவுக் குடும்பத்தில் பெண் எடுத்தவர். டேப்பைத் தேடாமல், தறியிலிருந்து இறங்கிய புதுப் புடவையை எடுத்து மடித்திருக்கிறார். என் புடவையில் ரவிக்கைத் துண்டு எப்போதோ வெட்டியாயிற்று. ஆசாரி அளந்த புடவையில் அது அப்படியே இருந்தது.

குட்டியானை வண்டியில் வந்து இறங்கிய கட்டில் ஒரு சாண் நீளம் கூடிப்போயிருந்தது. மூலைக்குள் நுழையவே இல்லை. தெருப் பக்கத்து ஜன்னலை ஒட்டித்தான் போட முடிந்தது. கமலா டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். "அய்யோ, ரவிக்கைத் துண்டை மறந்துட்டேனே! நாளைக்கே ஆசாரி வந்து அறுத்துக் குடுத்துடுவாரு சார், கோச்சிக்காதீங்க." என் கணவர் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை மாகறலிலிருந்து வரும் கீரைக்கார அம்மா ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், ஆளையே காணோம்? வாய் இன்னா கோணிக்கினு இருக்குது?" எனக்குப் பகீரென்றது. போர்வை மெல்ல இறங்கியது. "உன் கீரைதான்... முத்தலா இருக்குது" என்று குழறலாக ஒரு குரல். அந்த அம்மா விடுவாரா? ரெண்டு பேருக்கும் சண்டை மூண்டுவிட்டது. நான் சமையலறையில் நின்று அழுதேன். அப்பாடா என்று அழுதேன். ரம்பத்தோடு வந்த ஆசாரியிடம் என் கணவரே சொன்னார்: "வேணாம்பா. இருக்கட்டும்."

அதற்குப் பிறகு ஜன்னல் வழியே தெரு முழுக்கப் பேசினார். வாசல் தாண்டிக் கால் வைக்க மட்டும் மாட்டேன் என்றுவிட்டார். நானும் கமலா டீச்சரும் கெஞ்சாத நாள் இல்லை.

அன்று காலை டீச்சர் போய்விட்ட விஷயத்தைச் சொன்னதும் கட்டிலிலிருந்து எழுந்தார். பிறகு கைத்தடியை எடுத்தார். "ஆட்டோ கூப்பிடு. நானும் வரேன்."

டீச்சர் வீட்டு வாசலில், நீங்கள் எல்லோரும் பார்க்க, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கட்டில் கதையைக் கோணிய வாயோடு அவர்தான் சொன்னார். துக்க வீட்டில் சிரித்துவிட்டு நாம் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

டீச்சர், நீங்கள் எனக்கு விட்டுப்போனது இந்தப் பேச்சுச் சத்தம்தான். இப்போது இவர் தினமும் சாயங்காலம் தெருமுனை வரை போய்விட்டு வருகிறார். சாப்பிடக் கூப்பிட்டால், "இரு, பேசிக்கினு இருக்கேன்ல" என்கிறார்.