சோடாவில் வெந்த முகலாயப் படை

சென்ற ஆண்டு போகிக்கு இரண்டு நாள் முன்பு, ஆரணியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பட்டறையில் நடந்தது இது. பட்டு நூலுக்குச் சாயம் போடுவது எங்கள் தொழில். சாயம் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் கணவருக்கும் அவருடைய நண்பர் ஒருவருக்கும் ஒரு வினோதப் பைத்தியம். அரை விரல் உயர உலோகச் சிப்பாய்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, வர்ணம் தீட்டி, முந்நூறு வருடத்துக்கு முந்தைய செஞ்சிக் கோட்டை முற்றுகையை மேஜைமேல் நடத்துவார்கள். என் கணவர் மராத்தியர், கோட்டைக்குள் இருப்பார். நண்பர் முகலாயர், வெளியே வளைத்துக்கொண்டு நிற்பார். பகடை உருட்டி, இஞ்சு டேப்பால் அளந்து அளந்து சண்டை போடுவார்கள். நண்பர், ஆரணிக்குக் கொஞ்ச தூரத்தில் இருக்கும் திருமலைப் பக்கத்துச் சமணர். எறும்பை மிதித்தால்கூட வருந்துகிறவர் இப்படிப் படை திரட்டிக்கொண்டு வருகிறாரே என்று நான் கிண்டல் செய்வேன். ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வர முடியாது என்பதால் அவர் படையும் எங்கள் பட்டறை அலமாரியில்தான் இருந்தது.

போகிக்காகச் சுத்தம் செய்யும்போது பார்த்தேன், கணவரின் படை பெட்டிக்குள் இருந்தது, நண்பரின் படைமேல்தான் ஒரே தூசி, அடுப்புப் புகை. கணவர் காஞ்சிபுரம் போயிருந்தார். ஈர வெள்ளைத் துணியால் ஒரு சிப்பாயை அழுத்தித் தேய்த்தேன். நூலில் சாயம் நிற்கிறதா என்று நாங்கள் பார்ப்பது அப்படித்தான். துணியில் ஒரு பொட்டு நிறம்கூட ஒட்டவில்லை. கெட்டிச் சாயம் என்று முடிவு கட்டினேன். பட்டு நூலின் பசை போகக் கொதிக்கவைக்கும் சோடாத் தண்ணீர் அடுப்பில் தயாராக இருந்தது. அத்தனை பேரையும் அதில் இறக்கிவிட்டேன். யானை மட்டும் பெரிதாக இருந்ததால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தேன். அரை மணி கழித்துக் கரண்டியால் அள்ளினால் வெறும் உலோகம். வர்ணமெல்லாம் தோல் தோலாக மிதந்தது.

மாலையில் வந்த கணவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாமே பண்ணிவெச்சிருக்க! அவருக்கு ஒரு வருசமா கை நடுங்கிகினு இருக்குது. இனிமே பிரஷ் புடிக்கவே முடியாது. கை நல்லா இருந்தப்போ தீட்டினது இது மட்டுந்தான்."

போனில் சொல்லிவிடுகிறேன் என்றார் கணவர். கெடுத்தவள் நான், நானே போகிறேன் என்று மறுநாள் காலை படையை ஒரு சம்படத்தில் போட்டுக்கொண்டு அவர் ஊருக்கு பஸ் ஏறினேன்.

நடந்ததைச் சொன்னதும் நண்பர் ஒரு சிப்பாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நடுக்கத்தில் அது கீழே விழுந்தது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

"வருத்தம் இல்லன்னா பொய்யாயிடும்மா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "எண்ணெ தேச்சிக் குளிச்சிட்டு வந்தா மாதிரி நிக்கிறானுங்க. போவட்டும். எனக்குக் கண்ணு நல்லாருக்குது, உனக்குக் கை நல்லாருக்குது. நான் சொல்றேன், நீ தீட்டு" என்றார்.

அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை அப்போது வந்துவிட்டது. "எனக்கு இதெல்லாம் வராதுண்ணா."

"ஊருக்கே கலர் போடுற, இது வராதா?"

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுக்கு வந்தார். தப்பிப் பிழைத்த யானையை நடுவில் வைத்து, அதைப் பார்த்துத்தான் நிறம் சேர்த்தோம். ஒரு கட்டு நூல் முழுக்க ஒரே நிறமாக வரவேண்டும் என்று பழகியவள் நான். அவரோ இரண்டு தலைப்பாகை ஒன்றுபோல இருந்தால் ஒத்துக்கொள்ள மாட்டார். வீட்டிலிருந்து ஆளுக்கொரு துணி கட்டிக்கொண்டு வந்தவர்கள் என்பார். நான் தீட்டிய முதல் சிப்பாயின் கண் கலைந்து, அழுதவன்போல ஆகிவிட்டான். அழித்துத் திரும்பத் தீட்டுகிறேன் என்றேன். விடவில்லை. அவனையே முன்வரிசையில் நிறுத்தினார். படை முடிய ஆடி ஆகிவிட்டது. நடுங்கும் கையால் ஒவ்வொருவராக எடுத்து மேஜையில் நிறுத்த அவருக்கு அன்று முக்கால் மணி ஆனது. நாங்கள் யாரும் உதவப் போகவில்லை.

இன்றும் பட்டறையில் யாராவது ஒரு நூல் கட்டைக் கெடுத்துவிட்டால் கத்துவதற்கு என் வாய் முந்திக்கொண்டு வரும். ஆனால் அந்த வெறும் உலோகச் சிப்பாயைப் பிடித்தபடி கோபப்படாமல் "போவட்டும்" என்றவர் ஞாபகத்துக்கு வந்துவிடுவார், என் குரல் தானாகத் தணிந்துவிடும்.