ஓலைக் கூரையில் நாய் ஏறுமா?

ஓலைக் கூரையில் மழை விழுந்தால் தகரத்தைப் போலச் சத்தம் வராது, மணம்தான் வரும். ஊறிய பனையோலையும் அடுப்புப் புகையும் சேர்ந்த அந்த மணம் என் பள்ளிச் சீருடையிலும் ஏறிவிடுமோ என்று பயந்து, மாரிகாலம் முழுவதும் பவுடரை அள்ளிப் பூசிக்கொண்டு போவேன். போரில் இடம்பெயர்ந்து திரும்பிய நாங்கள், எங்கள் ஊரான அரியாலையில் இடிந்து கிடந்த கல்வீட்டுக்குப் பின்னால் ஓலையால் ஒரு 'கொட்டில்' போட்டு இருந்தோம். "வாற மாரிக்குள்ளை கல்வீட்டுக்குள்ளை போயிடுவம்" என்று அப்பா ஒவ்வொரு மாரிக்கும் சொல்லுவார். பள்ளிக்கூடத்தில் ஒருத்தியிடமும் நான் கொட்டிலைப் பற்றி மூச்சு விடவில்லை. வீடு திருத்துகிறோம் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன்.

அந்த வருடம் ஆங்கில தினத்தில் ஒரு புதுப் போட்டி. வெள்ளைக்காரர் பேச்சுவாக்கில் சொல்லும் தொடர் ஒன்று எப்படிப் பிறந்தது என்று மேடையில் விளக்கவேண்டும். ரீச்சர் சீட்டுக் குலுக்கினார். என் வகுப்பு ஷாமினிக்கு 'பைட் த புல்லட்' விழுந்தது: மயக்க மருந்து இல்லாத காலத்தில் காயம்பட்ட சிப்பாயின் வாயில் ஒரு துப்பாக்கிச் சன்னத்தைக் கொடுத்து, கடித்துக்கொண்டு வலியைப் பொறு என்றார்களாம். சன்னம் எங்களுக்குத் தெரியாததா என்ன, வீட்டு வளவைக் கூட்டினாலே வரும். எனக்கு வந்தது 'ரெயினிங் கற்ஸ் அன்ட் டோக்ஸ்', அதாவது பூனையும் நாயுமாக மழை கொட்டுகிறது. பழைய இங்கிலாந்தில் வீடுகளுக்கு வைக்கோல் கூரையாம், குளிருக்கு நாயும் பூனையும் அதற்குள் ஏறிப் படுக்குமாம், மழை வந்தால் கூரை வழுக்கித் தொப்புத் தொப்பென்று விழுமாம். ரீச்சர் சொன்னதை ஒரு கிழமையாகப் பாடமாக்கினேன்.

மேடையில் பிசகில்லாமல் சொல்லி முடித்தேன். நடுவராக வந்திருந்த கண்ணாடிக்காரர் அத்தோடு விட்டிருக்கலாம். "நீர் இதை நம்புறீரோ பிள்ளை?" என்று தமிழிலேயே கேட்டார். ஓம் என்றிருந்தால் முதல் பரிசு என் கையில். ஆனால் எனக்கு எப்போதும் வாய் முந்திவிடும்.

"இல்லை சேர். எங்கடை வீடும் ஓலைதான். நாய் செத்தாலும் கூரையிலை ஏறாது. பூனை ஏறும், ஆனால் முதல் துளி விழ முதலே என்ரை பாயிலை வந்து படுத்திடும்."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. இத்தனை நாள் ஒளித்த கொட்டிலை நானே மேடையேற்றிவிட்டேன். ஐயோ, இனி எந்த முகத்தோடு பள்ளிக்கூடம் போவது? முதல் பரிசு ஷாமினிக்குப் போனதுகூட உறைக்கவில்லை.

சனிக்கிழமை பார்த்தால், அந்த ஷாமினியே சைக்கிளில் கொட்டிலடிக்கு வந்து இறங்குகிறாள். மாடிவீட்டுப் பிள்ளை அவள். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. அவள் நேரே கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"எங்கை உங்கடை நாய்? ஏத்திப் பாப்பம்."

ஏணியைச் சாத்தி, எங்கள் நாய் வீமனை நான் மேலிருந்து இழுக்க, அவள் கீழிருந்து தள்ள, அது இரண்டாம் படியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டியது. சந்தையிலிருந்து வந்த அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "என்ன பிள்ளையள், நாய்க்குக் கூரை வேயப் பழக்கிறியளோ?" ஷாமினி சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியது, வீமன் குதித்து ஓடியே போய்விட்டது. அந்த நேரம் பார்த்து மழையும் பிடித்துக்கொள்ள, உள்ளே ஓடினோம். அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, என் பாயில் நீட்டி நிமிர்ந்து படுத்த ஷாமினி கேட்டாள்: "அன்ரி, நாளைக்கும் வரட்டோ?"

அதன்பின் நான் பவுடரைத் தொடவில்லை.

இன்று கல்வீடு எழும்பிவிட்டது. கொட்டில் நின்ற இடத்துக்குச் சீமெந்து போட்டு மோட்டார்சைக்கிள் விடுகிறோம். சென்ற ஆவணியில் ஷாமினி, தான் குடியேறிய மெல்பேணிலிருந்து பிள்ளைகளோடு வந்தாள். அவளுடைய மகன் வந்ததும் வராததுமாகப் பின்வளவுக்கு ஓடி, "அன்ரி, நாய் விழுந்த இடம் எது?" என்றான். வீமன் கூரையில் ஏறி, மழையில் வழுக்கி, என் அப்பாவின் தலையிலேயே விழுந்தது, அதிலிருந்துதான் வெள்ளைக்காரன் அந்தத் தொடரையே எடுத்தான் என்று சொல்லி வளர்த்திருக்கிறாள், கள்ளி! திரும்பிப் பார்த்தேன். அவள் மாமரத்தில் காய் எண்ணுவதுபோல நின்றாள்.

நடுவருக்கு மறுப்புச் சொன்ன என் வாய் இம்முறையும் முந்திக்கொண்டது.

"ஓம் ராசா, இதிலைதான் விழுந்தது" என்று சீமெந்தைக் காட்டினேன். "இதிலைதான் எங்கடை கொட்டில் இருந்தது."