சிலுவை போட்ட நோட்டு

ஸ்பானிய எழுத்தாளர் ஒருத்தி சின்ன வயதில் எழுதிய கதைகளை ஆங்கிலம் வழியாகத் தமிழுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரி. பேர் வாங்கிய பிறகு அவளுக்கே அந்தக் கதைகள் பிடிக்கவில்லை. மறுபதிப்பே கூடாது என்று சொல்லிவிட்டாள். நானும் முன்னுரையில், 'சரியாகத்தான் சொன்னார், எரித்தே போட்டிருக்கலாம்' என்று பெரிய மனுஷி மாதிரி எழுதிவைத்தேன். கொழுப்பு, வேறென்ன!

அதே கொழுப்பில்தான் போன மாதம் அம்மாவிடமும் பேசினேன். பள்ளிக்கூட நாளில் நான் கதை எழுதிய நோட்டு ஒன்று திரேஸ்புரத்து அம்மா வீட்டு அலமாரியில் கிடந்தது. "இதை ஏன் இன்னும் வச்சிருக்க? தூக்கிப் போடும்மா."

பிறகு அந்த ஸ்பானியக்காரியின் தொகுப்பில் கடைசிக் கதைக்கு வந்தேன். பதினேழு வயதில் எழுதியது. ஒப்பாரி ஜாஸ்தி, ஒரு பாத்திரம் பாதியில் காணாமலே போகிறது. ஆனால் கல்யாணத்துக்கு முந்தின நாள் ஒரு பெண் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறாள் பாருங்கள், அந்த ஒரு பக்கத்தில் எனக்குக் கை ஓடவில்லை. பேர் வாங்கித் தந்த புத்தகங்களில் அவள் இப்படி எழுதவே இல்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், தண்ணீர் குடித்தேன். என் நோட்டிலும் அப்படி ஒரு பக்கம் இருந்தால்? அம்மாவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. ஷேர் ஆட்டோ பிடித்து ஓடினேன்.

அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். "அந்த நோட்டா? கோயில்ல குடுத்துட்டேன்."

"கோயில்லயா? எதுக்கு?"

"பக்கத்துக்குப் பக்கம் தலைமாட்டுல சிலுவை போட்டிருந்தியே. அதைப் போயி குப்பையில போடுவாவளா? பழைய குருத்தோலையோட சேத்துக் குடுத்தேன்."

மாதாவே! எதை எழுதினாலும் மேலே ஒரு சிலுவை போட்டுத் தொடங்குவது எங்கள் பக்கத்துப் பழக்கம். போன வருஷம் குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துத் தந்த ஓலைகளை எரித்துத்தான் சாம்பல் புதனுக்கு நெற்றியில் பூசச் சாம்பல் எடுப்பார்கள். புதன் நாளைக்கு.

கோயிலுக்கு ஓடினேன். கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் சல்லடை வைத்துச் சாம்பலைச் சலித்துக்கொண்டிருந்தார். "என்னத்தம்மா தேடுத?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். அம்மா மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவளை என்ன சொல்ல? தூக்கிப் போடச் சொன்னவள் நான். குப்பைக்குப் போகாமல் மரியாதையாக அனுப்பிவைத்தவள் அவள்.

மறுநாள் பூசையில் எனக்கும் சாம்பல் பூசினார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ஏளா, அப்படி என்னத்தத்தான் அதுல எழுதியிருந்த? ஒரு கதையாவது சொல்லேன், கேக்கேன்."

வாயைத் திறந்தேன். ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை.