கோயிலில் வாசித்த சுற்றுநிருபம்

செபமாலை முல்லைத்தீவில், நந்திக்கடல் ஓரம் இறால் பிடித்துப் பிழைத்தவர். அந்தக் காலத்துப் பூசை லத்தீனில் நடக்கும். பிரசங்கமும் அதற்கு முன் வாசிக்கும் அறிவித்தல்களும்தான் தமிழில். கல்யாணம் நிச்சயமானவர்களின் பேரை மூன்று ஞாயிறு சொல்லும் கல்யாண ஓலை, செத்தவர்களுக்கான பூசை என்று பங்குச் சுவாமி வாசிப்பதில் ஒரு சொல்லையும் செபமாலை தவறவிடமாட்டார்.

ஐம்பத்தொன்பதாம் ஆண்டு ஒரு ஞாயிறு, அதே குரலில் மீன்பிடிக் கந்தோர் என்ற அரசாங்க அலுவலகத்தின் சுற்றுநிருபம் ஒன்றும் வந்தது. இறால் குஞ்சுகள் அழிகின்றன, சின்னக்கண் வலைகளைக் கைவிட்டுக் கந்தோரில் ஒப்படைக்கவும். வாசித்த கையோடு சுவாமி பிரசங்கத்தைத் தொடங்கினார்.

மறுநாள் விடிந்ததும் செபமாலை வலையைச் சுருட்டினார். மனைவி அற்புதம் மாரி முழுக்க இருந்து கட்டிய சின்னக்கண் வலை. வேறு வலை இல்லை.

"இஞ்சருங்கோ, ஒருத்தரும் கொண்டுபோகேல்லை. கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்."

"கோயிலில வாசிச்சதை எப்பிடியப்பா பொறுக்கிறது?"

வழியில் அற்புதத்தின் தம்பி பஸ்தியாம்பிள்ளை சைக்கிளை நிறுத்தினான்.

"என்ன அத்தான், வலைக்கும் ஓலை வாசிச்சாச்சோ? எங்கை கட்டிக் குடுக்கிறியள்?"

"நீயும் குடுத்திடடா. இல்லாட்டி பிடிச்சு மறியலில போடுவாங்கள்."

"பிடிக்கட்டும் பாப்பம்."

கந்தோர் வளவில் வலையை வெட்டிக் கொளுத்தினார்கள். எரிந்து முடியும்வரை செபமாலை பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த மாதமே பஸ்தியாம்பிள்ளையைப் பிடித்து, அவன் வலையைச் சாட்சிப் பொருளாகக் கட்டிவைத்தார்கள். வழக்கன்று செபமாலையும் கோட்டுக்குப் போனார். இது சட்டமில்லை, அரசாங்க வர்த்தமானியில் வந்த விதியுமில்லை, கந்தோரின் ஆலோசனை மட்டுமே, அதைக் கேளாததற்குத் தண்டிக்க முடியாது என்று நீதவான் வழக்கைத் தள்ளிவிட்டார். வலையும் ஒரு கண் அறாமல் திரும்பி வந்தது.

மைத்துனனுக்காக வாதாடிய பிரக்கிராசியைச் செபமாலை வாசலில் மறித்தார்.

"அப்ப என்ரை வலை, ஐயா?"

"பறிச்சவங்களோ? பறிச்சதெண்டு சொன்னால் வழக்குப் போடலாம்."

"இல்லை ஐயா. நான்தான் கொண்டுபோய்க் குடுத்தனான்."

"விரும்பிக் குடுத்ததுக்கு ஆரிட்டைப் போய் என்னத்தைக் கேக்கிறது, செபமாலை?"

இந்த இடத்தை எழுதும்போது எனக்குக் கை ஓடவில்லை. ஒரு பொய் போதும். இன்னொரு வலைக்கு வழி பிறந்திருக்கும். அந்த மனிதருக்கு அது வாயில் வரவில்லை.

அந்த இறால் காலம் அவர் மைத்துனனின் வலையில் கூலிக்கு இறங்கினார். அடுத்த காலமும் அப்படித்தான். பஸ்தியாம்பிள்ளை அவரோடு பகிடி விடுவதையே நிறுத்திவிட்டான். அதுதான் அவருக்குக் கூலி வேலையைவிட நொந்தது.

பூசையை அவர் விடவில்லை. சுவாமி அறிவித்தல் கடதாசியை எடுத்ததும் எழும்பி வெளியே போய்ப் பூவரசின் கீழ் நிற்பார். பிரசங்கம் தொடங்கத்தான் உள்ளே வருவார். மூத்த மகளின் கல்யாண ஓலை வாசித்த மூன்று ஞாயிறும் அங்கேதான் நின்றார்.