ஈர நாரில் வைத்த மோட்டார் விளக்குகள்

காயலோரத்தில் சைக்கிளோடு தேங்காய் நார்க் குவியலில் விழுந்து, ஒரு கீறல்கூட இல்லாமல் எழுந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. மதராஸில் என் அத்தான் பழைய மோட்டார் கார் ஒன்றைப் பழுது பார்த்துவருகிறார். அதற்குப் பொருந்தும் முகப்பு விளக்குகள் எங்கும் கிடைக்காமல், இங்கே சாலைக் கடைத்தெருவில் ஒரே ஒரு ஜோடி அகப்பட்டது. கண்ணாடி உடையாமல் அனுப்ப நாரைவிட நல்ல மெத்தை ஏது? ஒரு சாக்கு நார் வாங்கி, அன்றே விளக்குகளைச் சுற்றிப் பெட்டியில் திணித்துக்கொண்டு ரயிலடிக்கு ஓடினேன்.

பார்சல் குமாஸ்தா பெட்டியைத் தூக்கிப் பார்த்தார்.

"ஓய், உள்ள மீனா வச்சிருக்கீரு? அடியெல்லாம் நனஞ்சிருக்கே."

"மோட்டார் விளக்கு சார். நார்தான் கொஞ்சம் ஈரம்."

"எதுக்கும் தொறந்து பாரும்."

திறந்தேன். விளக்கின் உட்புற வெள்ளிப் பூச்சில் ஓரமாக மங்கல் படர்ந்திருந்தது. நாரைத் தொட்ட விரலை நாக்கில் வைத்தேன், உப்புக் கரித்தது. நார் எடுக்கத் தேங்காய் மட்டையை மாதக்கணக்கில் உப்புக் காயலில் ஊறப்போடுவது தெரிந்திருந்தும், அவசரத்தில் மறந்திருக்கிறேன். குமாஸ்தா தம் துண்டையே நீட்டினார். விளக்கின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததும், நல்லவேளை, மங்கல் போய்விட்டது. மதராஸ் வரை அப்படியே போயிருந்தால் பூச்சு மிஞ்சியிராது.

பெட்டியை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன். நாரை நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, விளக்குக்கு வேட்டித் துணி சுற்றிய பிறகே மறுபடி அனுப்பினேன். இரண்டு விளக்குகளும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. அந்தக் குமாஸ்தாவுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. அத்தான் அடுத்து முன்கண்ணாடி கேட்டிருக்கிறார். மாடியில் நார் காய்ந்துகொண்டிருக்கிறது.