கால் கிலோ புளி

அத்தை மகனுக்குத் திருச்செந்தூரில் மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். என் அப்பா தாய்மாமன். பிள்ளையை மடியில் உட்கார வைப்பது அவர் பங்கு. வந்த பதினான்கு பேருக்கும் மூன்று நாள் பொங்கிப் போடுவது, யாரும் சொல்லாமலே அம்மாவின் பங்கு. பழங்காநத்தத்திலிருந்து அரிசி, பருப்பு, அடுப்பு எல்லாம் எங்களோடு வேனில் வந்திருந்தன. கடலுக்குப் பக்கத்தில் வீடு எடுத்திருந்தோம் என்றுதான் பேர். அம்மா பார்த்ததெல்லாம் அடுப்படிச் சுவரைத்தான்.

இரண்டாம் நாள் மத்தியானம், எல்லோரும் சாப்பிட்டுப் படுத்த பிறகு, "புளி தீந்துபோச்சு, கடைக்குப் போயிட்டு வாரேன்" என்று அம்மா கிளம்பினாள். துணைக்கு ஏழு வயது நான்.

வெயில் மண்டையைப் பிளந்தது. செருப்புக்குள் மணல் புகுந்து நறநறத்தது. தெருமுனையிலேயே ஒரு மளிகைக்கடை இருந்தது. அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த கடையையும் தாண்டினாள்.

"இங்கயே வாங்குவோம்மா, கால் வலிக்குது."

"இங்க நல்ல புளியா இருக்காது" என்றாள். உள்ளே போய்ப் பார்க்காமல் எப்படித் தெரியும் என்று எனக்கு ஆச்சரியம்.

கடைசியில் ஒரு வேப்பமரத்தடியில் சின்னக் கடை. வாசலில் பெஞ்சு, எதிரே கடல். அம்மா உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினாள்.

"கால் கிலோ புளி. மெதுவாக் கட்டுங்கண்ணே, அவசரமில்ல."

கடைக்காரர் பொட்டலத்தை நீட்டியும் எழவில்லை. காற்று முகத்தில் அடிக்க, கண்ணை மூடியிருந்தாள். எனக்குச் சலிப்பாக இருந்தது. சேலையைப் பிடித்து இழுத்து இழுத்து எழுப்பிவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் அதற்கு வெட்கமாக இருக்கிறது.

"புளி வாங்கவா மதினி இம்புட்டு நேரம்?" என்று அத்தை கேட்டாள். பொட்டலத்தை வைக்க, அடுப்படியில் இருந்த மஞ்சள் பையைத் திறந்தேன். ஊரிலிருந்து கொண்டுவந்த புளி, பெரிய உருண்டையாக உள்ளே அப்படியே இருந்தது. தூக்கி எல்லோருக்கும் காட்டினேன். அத்தை சிரித்தாள், அப்பா சிரித்தார். அம்மாவும் கொஞ்சம் சிரித்தாள்.

அம்மாவைப் பார்க்கப் பாவமாகிவிட்டது எனக்கு. காதோடு சொன்னேன்: "இனிமே மறந்துட்டா என்கிட்ட கேளும்மா. எது எங்க இருக்குன்னு நான் பாத்து வச்சுக்கிறேன்."

சொன்ன சொல் தவறவில்லை. சாயங்காலமே ஒவ்வொரு பையாகப் பிரித்து மனப்பாடம் செய்துவிட்டேன். மறுநாள் மத்தியானம் எல்லோரும் படுத்ததும், மிளகாய்த்தூள் இல்லை என்று அம்மா வாசலுக்குப் போனாள். ஒரு காலில் செருப்பை மாட்டிவிட்டாள். அதற்குள் நான் ஓடிப்போய், அரிசி மூட்டைக்குப் பின்னால் இருந்த டப்பாவை எடுத்து வந்து அவள் கையில் வைத்தேன்.

அம்மா டப்பாவைப் பார்த்தாள். தெருவைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அடுப்படிக்குப் போனாள். கெட்டிக்காரி என்று சொல்வாள் என நானும் பின்னாலேயே போய் நின்றேன்.