பரவாயில்லை டாக்டர்

இந்த 'பரவாயில்லை'ங்கிற வார்த்தையைக் கண்டுபிடிச்ச புண்ணியவான் கையில கிடைச்சா, நறுக்குன்னு நாலு கேள்வி கேக்கணும். ஓரளவு நல்லா இருந்தாலும் பரவாயில்லை, சொதப்பினதை மன்னிச்சு விட்டாலும் பரவாயில்லை. கேக்கிறவ எதைன்னு எடுத்துக்குவா?

என் ரூம்மேட்டுக்கு அதுதான் பட்டப்பேரு. நாங்க ரெண்டு பேரும் அறுவை சிகிச்சையில மேற்படிப்பு படிக்கிற டாக்டருங்க. வார்டையும் பாக்கணும், எங்களுக்குக் கீழே பயிற்சிக்கு வர்ற ஹவுஸ் சர்ஜன்களுக்குச் சொல்லியும் குடுக்கணும். முதல் வருஷம், எங்க யூனிட் சீஃப் இவளை நோயாளிங்க முன்னாடியே, "உனக்கெல்லாம் யாரும்மா சீட்டு குடுத்தது?"ன்னு கேட்டு, கையில இருந்த கத்திரியைப் பிடுங்கி வீசினார். பாத்ரூம்ல போய் அழுதா. "எனக்குக் கீழே வர்ற யாரையும் நான் இப்படி அழ விடமாட்டேன்டி"ன்னா. அந்த ஆள் மேல எனக்கு வந்த கோபத்துல, அது நல்ல முடிவாத்தான் தெரிஞ்சுது.

அப்புறம், எப்படிச் சொல்லிக் குடுக்கிறதுன்னு எங்களுக்கே ஒரு பயிற்சி வகுப்பு வச்சாங்க. முதல்ல நல்லதைச் சொல்லு, நடுவுல குறையைச் சொல்லு, முடிக்கும்போது மறுபடியும் நல்லதைச் சொல்லு. இந்த மகராசி முதலையும் கடைசியையும் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா. நடுவுல உள்ளதை முழுங்கிட்டா.

இந்தத் தடவை வந்த ஹவுஸ் சர்ஜன் துறுதுறுன்னு இருப்பா. தையல் போடச் சொன்னா ஓடி வருவா. ஆனா முடிச்சை இறுக்கிடுவா. காயத்தோட ரெண்டு ஓரமும் ஒண்ணை ஒண்ணு தொட்டா போதும். நெரிச்சா ரத்தம் ஓடாது, தோல் செத்துப்போகும். ஒரு கொத்தனாரோட முழங்கைக்குக் கீழே அவ தையல் போட்டு முடிச்சப்ப, ஓரம் வெளுத்திருந்ததை என் ரூம்மேட் பக்கத்துலயே நின்னு பாத்திருக்கா. "அக்கா, சரியா இருக்கா?"

"பரவாயில்லைம்மா. கை நல்லா ஓடுது."

அடுத்த வாரம் ரவுண்ட்ஸ்ல கட்டைப் பிரிச்சா, ஓரமெல்லாம் கறுத்து, காயம் வாயைப் பிளந்து கிடக்கு. கொத்தனார், "நான் எப்ப வேலைக்குப் போறது?"ன்னு ஒவ்வொரு முகமா பாக்குறார். சீஃப் குதிச்சார். "இது முடிச்சா, சுருக்குக் கயிறா? ஓரம் வெளுத்தா ரத்தம் போகலைன்னு அர்த்தம். உடனே அவிழ்த்துத் தளர்த்திப் போடணும். கண்ணு எங்க இருந்துச்சு? மாடு மேய்க்கப் போ."

"அக்கா பரவாயில்லைன்னு சொன்னாங்க சார்."

என் ரூம்மேட் தரையைப் பாத்தா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. வாயைத் திறந்து 'ஆமா, நான்தான் சொன்னேன்'னு சொல்ல என்ன கேடு?

ரவுண்ட்ஸ் முடிஞ்சதும் அந்தப் பொண்ணுகிட்டப் போனா. "செத்த தோலை வெட்டிட்டு மறுபடியும் தையல் போடணும். வா, கூட இருந்து காட்டுறேன்."

"வேண்டாம்க்கா." அவ அழலை. "வெளுத்ததை அன்னைக்கே பாத்தீங்க. சொல்லலை. நீங்க நல்லவங்கன்னு பேரு வாங்க அந்தக் கொத்தனார் கையா கிடைச்சுது? நான் சீஃப்கிட்டயே கத்துக்கறேன். திட்டுனாலும் எது தப்புன்னு சொல்றார்."

ட்ரேயை எடுத்துக்கிட்டு அந்த ஆள் பின்னாடியே போயிட்டா. கத்திரியை வீசுற மனுஷன் ஜெயிச்சுட்டார். நாளைக்கு அந்தப் பொண்ணும் நாலு பேர் மேல வீசுவா, அதுதான் சொல்லிக் குடுக்கிற முறைன்னு நம்புவா. நினைக்க நினைக்க எனக்கு ஆறலை.

என் ரூம்மேட் என் கையைப் பிடிச்சா. "அவ சொன்னது சரியாடி?"

கண்ணு கலங்கியிருந்துச்சு. அணைச்சுக்கிட்டு ஏதாவது இதமா சொல்லியிருக்கலாம்.

"சரிதான்"னேன். "நீ செஞ்சது தப்பு."